பூஜ்யம் போட்ட ஆறு நாட்கள்

புயல் பாதுகாப்புக் கட்டட மாடி, ஏரிக்கரை
1.10.2025, புதன்

யேசுதாஸ் அண்ணனுக்கு,

என் போன் நம்பரை நீங்கள் பிளாக் செய்துவிட்டதாக ஏஞ்சல் அண்ணி சொன்னார்கள். நல்லது. ஆனால் நோட்டுப் புத்தகம் வைக்கிற இந்த பிஸ்கட் டப்பாவை உங்களால் பிளாக் செய்ய முடியாது. நாளைக்கு வந்து திறந்துதான் ஆக வேண்டும். அதனால்தான் கடிதம்.

ஒற்றைப்படைத் தேதி எனக்கு, இரட்டைப்படைத் தேதி உங்களுக்கு என்று ஹேமாவதி மேடம் பங்கு பிரித்துவிட்டார்கள். நம் இரண்டு பேருக்கும் பருந்து எண்ணுகிற இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்த புண்ணியவதி, சென்னையில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே பஞ்சாயத்தை முடித்துவிட்டார்கள். ஒன்பது வருஷமாக நான் பைனாகுலரில் வானத்தைப் பார்த்துக் கத்துவேன், நீங்கள் குனிந்து எழுதுவீர்கள். இனிமேல் நானே பார்த்து நானே எழுத வேண்டும். விடியற்காலையில் இறால் விற்றுவிட்டு ஓடிவந்து ஒன்பது மணிக்கு மாடி ஏறியவள், இப்போது கழுத்தைத் திருப்ப முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த யார்டு கம்பெனிக்காரன் ரிப்போர்ட்டைப் படித்த அன்றைக்கு வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. கரைப் புல்வெளியை மண் கொட்டி மேடாக்கி கன்டெய்னர் நிறுத்தப் போகிறானாம். பறவை பாதிக்காதா என்று கேட்டால் பதில் வைத்திருக்கிறான். போன வருஷம் அக்டோபர் 12 முதல் 17 வரை, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர் ஒருவர் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை பார்த்தும் ஒரு பூனைப்பருந்துகூட வரவில்லையாம். அந்த உள்ளூர்க்காரர் யார்? நீங்கள்தான். தாளில் மணிக்கு ஒரு பெட்டி, ஒரு நாளைக்கு ஒன்பது பெட்டி, ஆறு நாள், ஐம்பத்து நான்கு பூஜ்யம்.

அந்த ஆறு நாளும் நான் என் மகள் புவனேஸ்வரியின் பிரசவத்துக்காகப் பொன்னேரி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பூனைப்பருந்து எங்கேயோ வடக்கே குளிர் தேசத்திலிருந்து வந்து, இந்தப் புல்லில்தான் தரையோடு படுத்துத் தூங்கும் என்பது உங்களுக்குத் தெரியாதா? அக்டோபர் நடுவில் ஒன்றுகூட வராமல் போகுமா? நீங்கள் மாடிக்கே வரவில்லை. வீட்டில் டீ குடித்துக்கொண்டே பூஜ்யம் போட்டிருக்கிறீர்கள்.

நவம்பர் ஏழாம் தேதி கும்மிடிப்பூண்டி கல்யாண மண்டபத்தில் யார்டு பற்றிக் கருத்துக் கேட்புக் கூட்டம். அங்கே வந்து, நான் எழுதினது பொய் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நானே மைக்கைப் பிடித்து உங்கள் பெயரைச் சொல்லிவிடுவேன்.

அங்காளம்மாள்


2.10.2025

திருமதி அங்காளம்மாள் அவர்களுக்கு,

பொருள்: தங்களது நேற்றைய கடிதமும் அதில் கண்ட அவதூறும்.

போன வருஷம் அந்த ஆறு நாளும் நான் சுண்ணாம்புக்குளம் பஸ்ஸில் வந்து, மாடியேறி, மாலை ஆறு மணி வரை இருந்தேன் என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். சந்தேகம் இருந்தால் கீழே டீக்கடை சின்னராசுவை விசாரித்துக்கொள்ளலாம்.

நான் இருபத்தொன்பது வருஷம் பாய்லர் ஹவுஸில் வேலை பார்த்தவன். மணிக்கு ஒரு முறை பிரஷர், தண்ணீர் மட்டம், ஸ்டாக் டெம்பரேச்சர் என்று லாக் ஷீட்டில் எழுத வேண்டும். ஒரு பெட்டி காலியாக இருந்தால் ஆள் பாய்லர் பக்கத்தில் இல்லை என்று அர்த்தம். 1998-ல் ஒரே ஒரு பெட்டி விட்டதற்கு மெமோ வாங்கியிருக்கிறேன். அந்த மெமோ இன்னும் என் பீரோவில் இருக்கிறது. அதன்பிறகு நான் பெட்டி விட்டதில்லை. தூங்கி விழுந்து கணக்கு எழுதுகிற ஆள் நான் இல்லை.

தங்கள் நேற்றைய தாளைப் பார்வையிட்டேன். பதினொரு மணிக்கு நான்கு, நாலு மணிக்கு ஒன்பது. மீதி ஏழு பெட்டியும் காலி. அந்த நேரத்தில் தாங்கள் எங்கே இருந்தீர்கள்? டப்பாவுக்குள் வேர்க்கடலைத் தோல் மட்டும் நிறைய இருக்கிறது. என்னைக் கேள்வி கேட்கும் முன் தங்கள் தாளைச் சரிசெய்துகொள்ளவும்.

இப்படிக்கு,
சூ. யேசுதாஸ்


3.10.2025

அண்ணனுக்கு,

'தாங்கள்' ஒன்றுதான் குறைச்சல். ஒன்பது வருஷம் என் தூக்குச் சட்டியில் மீன் குழம்பு சாப்பிட்ட மனுசனுக்கு நான் இப்போது திருமதி ஆகிவிட்டேனா?

பறவை வராத மணிக்கு நான் எதை எழுதுவது? வந்தால் எழுதுவேன், வராவிட்டால் சும்மா இருப்பேன். எங்கள் வீட்டில் வலை காலியாக வந்தால் யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டோம். என் வீட்டுக்காரர் சட்டியைக் கவிழ்த்து வைப்பார், அதோடு சரி. இல்லாததை ஒரு எண்ணாக எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

சின்னராசுவைக் கேட்டேன். "வந்தாரும்மா, ஆறு நாளும் வந்தாரு. பஜ்ஜி துன்னுட்டு மேல ஏறிப் போனாரு, சாய்ங்காலம்தான் எறங்குனாரு" என்றார். சரி, வந்தீர்கள். டீ குடித்தபடி எழுதினீர்கள் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் எனக்கு இப்போதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. வந்து உட்கார்ந்த ஆள் எப்படி ஐம்பத்து நான்கு பூஜ்யம் போட முடியும்?

உங்கள் நேற்றைய தாள் அதைவிட அழகு. பதினொன்று, பதினொன்று, பன்னிரண்டு, பதினொன்று, பதினொன்று. இது என்ன கரன்ட் மீட்டரா? மணி அடித்ததும் அண்ணாந்து பார்த்து, இருக்கிறதை எழுதியிருக்கிறீர்கள். ஒரே பறவையை ஒன்பது தரம் எண்ணியிருக்கிறீர்கள். புதிதாக வடக்கேயிருந்து வருகிறதை மட்டும்தான் எண்ண வேண்டும் என்று மேடம் முதல் நாளே சொன்னார்களே.

அதுவும் அந்தப் பதினொன்று எங்கே இருந்தன? 'மின்கோபுரத்தின் மேல் அமர்ந்திருந்தன' என்று குறிப்பு வேறு. பூனைப்பருந்து என்றைக்கு அண்ணே கோபுரத்தில் உட்கார்ந்தது? அது தரையில் உட்காருகிற ஜாதி. கோபுரத்தில் இருந்தவை செம்பருந்துகள். படகுத்துறையில் மீன் கழிவு பொறுக்க வருஷம் முழுக்க இங்கேயே கிடக்கிறவை. "தல வெள்ளையா கீது பாரு, ஒடம்பு செங்கல் கலரு, அது நம்மூர்க்காரன், எழுதாத" என்று ஒன்பது வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். வெள்ளைத் தலை என் பேத்திக்கே தெரியும். அவளுக்கு ஒரு வயதுகூட முடியவில்லை.

அங்காளம்மாள்


8.10.2025

அங்காளம்மாளுக்கு,

பொருள்: பைனாகுலர் பழுது.

ஏரிக்காற்றில் உப்பு ஏறி பைனாகுலரின் கண்ணாடி மங்கிப்போய்விட்டது. எதைப் பார்த்தாலும் பால் ஊற்றினது மாதிரி இருக்கிறது. வெயில் நேரத்தில் கூசுகிறது. பருந்து மாறிப்போனதற்கு இதுவே காரணம். மேடத்திடம் சொல்லிப் புதிது வாங்கவும்.

மேடம் என்னைக் கூப்பிட்டுப் பேசினார்கள். உன் தாள்களில் உள்ள காலிப் பெட்டிகளைக் கணக்கில் சேர்க்க முடியாதாம். பார்த்தும் வரவில்லையா, பார்க்கவே இல்லையா என்று தெரியவில்லையாம். நான் சொன்னதைத்தான் அவர்களும் சொல்கிறார்கள். இந்த வருஷக் கணக்கு கூட்டத்துக்குப் பயன்பட வேண்டுமென்று உனக்கு ஆசை இருந்தால் ஒழுங்காக எழுது.

யேசுதாஸ்


9.10.2025

அண்ணனுக்கு,

பைனாகுலரைத் துடைத்துப் பார்த்தேன், துடைக்காமலும் பார்த்தேன். அக்கரையில் நிற்கிற படகின் நம்பர் எழுத்தெழுத்தாகத் தெரிகிறது. அதற்கு ஒரு கோளாறும் இல்லை.

ஒரு காரியம் செய்யுங்கள். படகுத்துறைக் கம்பத்தில் ஒரு பொருளைக் கட்டியிருக்கிறேன். நாளைக்கு மாடியிலிருந்து பைனாகுலரில் பார்த்து, அது என்னவென்று எழுதி வையுங்கள். கீழே இறங்கிப் போய்ப் பார்க்கக் கூடாது. சின்னராசுவையும் கேட்கக் கூடாது, அவரிடம் வாயைத் திறக்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அங்காளம்மாள்


10.10.2025

அங்காளம்மாளுக்கு,

சிறுபிள்ளை விளையாட்டுக்கெல்லாம் எனக்கு நேரமில்லை. கம்பத்தில் ஏதோ கட்சிக் கொடி கட்டியிருக்கிறாய். காற்றில் ஆடுகிறது. போதுமா?

யேசுதாஸ்


11.10.2025

அண்ணே,

அது கொடி இல்லை. பிளாஸ்டிக் குடம். நீலக் குடம், வாய் உடைந்தது.

நேற்று சாயங்காலம் உங்கள் பதிலைப் படித்துவிட்டு, மனசு கேட்காமல் பஸ் பிடித்து உங்கள் வீட்டுக்குப் போனேன். நீங்கள் வாட்ச்மேன் நைட் டியூட்டிக்குக் கிளம்பியிருந்தீர்கள். ஏஞ்சல் அண்ணியிடம் குடத்தைப் பற்றிச் சொன்னேன். அழுதுவிட்டார்கள். "கம்பெனி கேட்டுல லாரி நம்பர எழுதறப்போ டிரைவரையே கேக்குறாராம். ஊட்டுல சோத்துல கல்லு கெடந்தாக்கூட தெரியல. ஆஸ்பத்திரிக்கு வான்னா சண்டைக்கு வராரு. நான் இன்னா பண்ணட்டும் அங்காளம்மா?" என்றார்கள்.

எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. கண் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தேன்? நான் கத்துகிறதை எழுதி எழுதியே என்னை ஏமாற்றியிருக்கிறீர்கள். "அதோ பாருண்ணே" என்று நான் கை காட்டும்போதெல்லாம் "ஆமாம், ஆமாம்" என்றீர்களே, அதெல்லாம் என்ன?

போகட்டும். தெரியாத பெட்டியைத் தெரியாதது மாதிரி விட்டிருக்கலாம். பூஜ்யம் எதற்குப் போட்டீர்கள்? அந்த ஒரு பதிலை மட்டும் சொல்லுங்கள்.

அங்காளம்மாள்


14.10.2025

அங்காளம்மா,

இந்தக் கடிதத்துக்குப் பொருள் என்று மேலே என்ன எழுதுவதென்று தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

மூன்று வருஷமாக இப்படி. முதலில் தெருவிளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தது. அப்புறம் தூரத்தில் இருப்பதெல்லாம் புகையாகிப் போனது. நோட்டுப் புத்தகம் முகத்துக்குக் கிட்டே இருப்பதால் எழுத முடிந்தது. நீ கத்தினாய், எழுதினேன். உன் குரல் இருக்கும்வரை எனக்கு ஒரு கஷ்டமும் தெரியவில்லை.

போன வருஷம் நீ மகள் பிரசவத்துக்குப் போனதும் மாடியில் தனியாக உட்கார்ந்தேன். அண்ணாந்து பார்த்தால் வானம் முழுக்க வெள்ளை. ஒன்பதிலிருந்து பத்துக்குள் ஒரு பெட்டியை நிரப்ப வேண்டும். என் கண்ணில் ஒன்றும் படவில்லை, பூஜ்யம் போட்டேன். பாய்லர் ஹவுஸில் பழகின கை, காலியாக விட்டுவிட்டு அடுத்த பெட்டிக்குப் போக அதற்கு வரவில்லை. ஆறு நாளும் அப்படித்தான். இரண்டு வாரம் கழித்து பேன்ட் சட்டை போட்ட ஒருவன் வந்து நோட்டை ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் என்றான். மேடத்தின் ஆள் என்று நினைத்துக் கொடுத்துவிட்டேன். இதுதான் நடந்தது. வேறு ஒரு சூதும் இல்லை.

கூட்டத்தில் வந்து சொல்லச் சொல்கிறாய். யோசித்துப் பார். கேட் வேலையே கான்ட்ராக்ட்காரன் தயவில் ஓடுகிறது. வருஷத்துக்கு ஒரு முறை கண் பரிசோதனைத் தாள் கேட்கிறான். தெரிந்தவனிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்து ஓட்டுகிறேன். ஐந்நூறு பேர் முன்னால் எனக்குக் கண் தெரியாது என்று சொன்னால் மறுநாள் வேலை இருக்காது. அதுகூடப் போகட்டும். ஒன்பது வருஷ நோட்டையும் குருடன் எழுதினது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். அப்போது உனக்கு என்ன மிஞ்சும்?

என்னால் முடியாது. என்னிடமிருந்த மாடிச் சாவியை சின்னராசுவிடம் கொடுத்துவிட்டேன். இனி எல்லா நாளும் நீயே பார்த்துக்கொள்.

யேசுதாஸ்


15.10.2025

அண்ணனுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு அரை மணி நேரம் மாடியில் அங்கேயும் இங்கேயும் நடந்தேன். அதில் நாலைந்து பருந்து போயிருக்கும். அதுவும் உங்களால்தான்.

ஒன்பது வருஷம் பார்த்தது என் கண். எழுதினதுதான் உங்கள் கை. அதைக் குருடன் கணக்கு என்று எவன் சொல்வான்? சொன்னால் நான் விட்டுவிடுவேனா? என் கண் இல்லாமல் உங்கள் கை எழுதினது அந்த ஆறு நாள் மட்டும்தான். அதைத்தான் கோடு போட்டு அடிக்கச் சொல்கிறேன். அதை நான் போய்ச் சொன்னால் எவனும் நம்ப மாட்டான். மீன்காரி பேச்சு, கையெழுத்து அந்த ஆளுடையது என்று தாளை நீட்டுவான். எழுதினவர் சொன்னால்தான் அதை அடிப்பார்கள்.

உங்கள் பெயரைச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன் இல்லையா, அதைச் செய்ய மாட்டேன். என்னால் முடியாது. வேலை போனால் அண்ணி முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? ஆனால் உங்களை விட்டால் இந்தப் புல்வெளிக்கு வேறு ஆள் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்லவில்லை என்று பேசாதீர்கள்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் எரிச்சலாக இருக்கிறது. வாருங்கள் அல்லது வராமல் போங்கள்.

அங்காளம்மாள்


27.10.2025

அண்ணே,

டப்பாவை ஆறு தடவை திறந்து பார்த்துவிட்டேன். பல்லி ஒன்று முட்டையிட்டிருக்கிறது, உங்கள் கடிதம் இல்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் ஐம்பத்திரண்டு பூனைப்பருந்து புல்லில் இறங்கியது. என்னால் முடிந்த நாளெல்லாம் வருகிறேன். பஜாருக்குப் போகிற நாள் வர முடியவில்லை, அந்தத் தாளைத் தொடவில்லை. கோபம் இருந்தாலும், பார்த்தும் வராத ஏழெட்டு மணிக்கு நானும் பூஜ்யம் போட்டுப் பழகியிருக்கிறேன். கை கூசுகிறது, ஆனாலும் போட்டேன்.

கூட்டத்துக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.

அங்காளம்மாள்


9.11.2025, ஞாயிறு

யேசுதாஸ் அண்ணனுக்கு,

மண்டபத்தில் உங்களோடு ஒரு வார்த்தை பேசலாம் என்று பார்த்தால் அதற்குள் பஸ் ஏறிவிட்டீர்கள். அப்படி என்ன அவசரம்?

அன்றைக்கு நீங்கள் வருவீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. கடைசி வரிசையில் ஏஞ்சல் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். மைக் முன்னால் வந்து சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தீர்கள். "பொருள்" என்று ஆரம்பித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் மண்டப விளக்கு கண் கூச, தாளைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனீர்கள், இன்னும் அருகே கொண்டுபோனீர்கள், மடித்து உள்ளே வைத்துவிட்டீர்கள். முன்னால் இருந்தவன் எவனோ சிரித்தான். அவன் மண்டையில் போடலாம் என்று இருந்தது.

"தூரத்துல இருக்குறது எனக்குத் தெரியாது சார். மூணு வருசமா தெரியாது. மெமோ குடுப்பாங்கன்னு பயந்துகினு வேல பாத்த ஆளு நானு. பெட்டிய காலியா உட பயந்துகினு பூஜ்யம் போட்டுட்டேன். பறவை வரலன்னு நான் சொல்லல, நான் பாக்கல. அந்த ஆறு நாள அடிச்சுடுங்க. மீதி ஒம்போது வருசமும் இந்தம்மா பாத்தது." இவ்வளவுதான் சொன்னீர்கள். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கிறது.

அதிகாரி அந்தப் பக்கத்தைக் கோடு போட்டு அடிக்கச் சொல்லிவிட்டார். நவம்பர் கடைசி வரை இந்த வருஷக் கணக்கு வந்தபிறகுதான் யார்டு பற்றி முடிவு என்று எழுதிக்கொண்டார்கள். ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மண் லாரி இன்னும் வரவில்லை.

உங்களுக்கு என்ன ஆச்சு என்று தெரிய வேண்டும். எழுதுங்கள். சாவி சின்னராசுவிடமே இருக்கிறது.

அங்காளம்மாள்


10.11.2025

அங்காளம்மாளுக்கு,

பொருள்: வேலை நீக்கம், கண் ஆபரேஷன், நோட்டுப் புத்தகம்.

எதிர்பார்த்ததுதான். சனிக்கிழமை காலையிலேயே கான்ட்ராக்ட்காரன் போன் செய்து, யூனிபார்மைத் துவைத்துக் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லிவிட்டான். கொடுத்துவிட்டேன். ஏஞ்சல் ஒன்றும் திட்டவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

கண்புரைதானாம். பதினைந்தாம் தேதி பொன்னேரியில் வலது கண்ணுக்கு ஆபரேஷன். மூன்று வருஷம் முன்னாலேயே வந்திருந்தால் இவ்வளவு கஷ்டமில்லை என்று டாக்டரம்மா கத்தினார். உன் குரல் மாதிரியே இருந்தது.

நோட்டைப் பார்த்தேன். அக்டோபர் கடைசியில் பூஜ்யமெல்லாம் ஒழுங்காகப் போட்டிருக்கிறாய். ஆனால் இரண்டு தாளில் தேதி இல்லை. தேதியில்லாத தாள் குப்பைக்குச் சமம். சரிசெய். பதினைந்தாம் தேதி ஒரு பெட்டிகூட விடாமல் எழுது. நீ மாடியில் இருந்து பார்த்த மணிக்கு வரவில்லை என்றால் பூஜ்யம். நீ இல்லாத மணி என்றால் காலி. மெமோ யாரும் கொடுக்க மாட்டார்கள்.

யேசுதாஸ்


15.11.2025, சனி

அண்ணனுக்கு,

கண்ணில் கட்டு இருக்கும். இதை ஏஞ்சல் அண்ணி படித்துக் காட்டட்டும். அண்ணி, அவர் நடுவில் குறுக்கே பேசினால் நிறுத்திவிடுங்கள்.

இன்றைக்கு ஒன்பது மணிக்கே மாடி ஏறிவிட்டேன். மழை மேகம், தூறல். ஒன்பதிலிருந்து பத்து, பூஜ்யம். பத்திலிருந்து பதினொன்று, பூஜ்யம். பதினொன்றிலிருந்து பன்னிரண்டும் பூஜ்யம். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, கண்ணை எடுக்காமல் பார்த்துப் போட்ட பூஜ்யம் இது மூன்றும். பன்னிரண்டுக்கு மேல் மேகம் விலகி மூன்று வந்தன. ஒரு மணிக்கு ஒன்று. மூன்று மணிக்கு ஏழு. நான்கு மணிக்குப் பதினாறு. ஐந்திலிருந்து ஆறுக்குள் நாற்பத்தொன்று, எல்லாம் புல்லுக்கு மேலே வட்டம் போட்டு ஒவ்வொன்றாக இறங்கின. நானே கத்தி, நானே எழுதினேன். பக்கத்தில் "ஆமாம், ஆமாம்" என்று சொல்ல ஆள் இல்லை. தாளில் தேதி போட்டிருக்கிறேன்.

இரண்டு மணிப் பெட்டியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஒன்றரை மணிக்கு உங்களை உள்ளே அழைத்துப் போவார்கள் என்று அண்ணி சொல்லியிருந்தார்கள். இரண்டு மணிக்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. உங்களுக்குப் போன் போட்டால் நான் இன்னும் பிளாக்கில் இருக்கிறேன். அண்ணி நம்பர் எடுக்கவே இல்லை. கீழே இறங்கி சின்னராசுவின் போனை வாங்கி உங்கள் நம்பருக்கு அடித்தேன், அண்ணிதான் எடுத்தார்கள். "முடிஞ்சிடுச்சி அங்காளம்மா, நல்லா கீறாரு" என்று அவர்கள் சொன்னபோது மணி மூன்று.

கட்டைப் பிரித்ததும் முதல் வேலையாக என் நம்பரை பிளாக்கிலிருந்து எடுங்கள். இரண்டிலிருந்து மூன்று மணிக்குள் எத்தனை பருந்து போனது என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெட்டியைக் காலியாக விட்டிருக்கிறேன். அதில் பூஜ்யம் போட்டீர்கள் என்றால் கையை ஒடித்துவிடுவேன்.

அங்காளம்மாள்